மோட்டார் கொட்டாயில் ஒரு குட்டிக் கணினி: எல்லையோரத் தொலைநோக்கி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் போகும் ரயில் பாதையில் பச்சூரைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் ஆந்திர எல்லை வந்துவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பு, அதன் ஓரத்தில் ஒரு பழைய மோட்டார் கொட்டாய். கிணறு வற்றி, போர்வெல் வேறு மூலைக்குப் போய்விட்டதால் அது காலியாகக் கிடந்தது. இன்று அதற்குள் 80 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. சொந்தக்காரர் ஜோலார்பேட்டையில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியர். இருட்டிய பிறகு அவர் தோப்பில் தங்குவதற்கு வீட்டில் யாரும் சம்மதிப்பதில்லை. காரணம் யானை. குப்பம், பலமநேர் பக்கத்துக் கவுண்டின்யா சரணாலயக் காட்டிலிருந்து இறங்கும் யானைகளுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் வேறு.

ஆகவே தொலைநோக்கி தோப்பில், ஆள் வீட்டில், நடுவில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி. இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓட ஏறக்குறைய ஒரு பருவம் பிடித்தது. எது கெட்டது, எப்படிப் பிடிபட்டது, என்ன மாற்றப்பட்டது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். மின்சாரம், ஒயர் வேலைகளில் நானும் கூட இருந்தேன். மென்பொருள் பெரும்பாலும் அவர் பாடு.

இடமும் வானமும்

தோப்புக்குக் கிழக்கே ஏலகிரி. அதையும் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர், 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்ட வைணு பாப்பு வானாய்வகம். வடக்கு வானத்தோடு தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் கிடைக்கும் அட்சரேகை என்பது காவலூரின் பெரிய பலம். கிட்டத்தட்ட அதே அட்சரேகைதான் இந்தத் தோப்புக்கும், சுமார் 12.6 பாகை. ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கோளக் கொத்து டெல்லியில் அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் ஏறாது. இங்கே 30 பாகை ஏறும். அதிலும் 20 பாகைக்கு மேலே 5 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நிற்கும். வடநாட்டு ஆர்வலர்கள் பொறாமைப்படும் சங்கதி இது.

பொறாமைக்கு இடமில்லாத சங்கதியும் உண்டு. தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தின் சுழற்சிக்கு ஏற்பத் திருப்பும் மவுண்ட்டின் அச்சைத் துருவத்தை நோக்கி வைக்க எல்லாரும் துருவ நட்சத்திரத்தைத் தேடுவார்கள். இங்கே அது 12.6 பாகை உயரத்தில், புழுதியும் புகையும் கலந்த காற்றில், பக்கத்து நிலத்துப் புளியமரத்தின் பின்னால் இருக்கிறது. அவ்வளவு தாழ்வில் காற்றின் ஒளிவிலகல் மட்டுமே ஒரு நட்சத்திரத்தைச் சுமார் 4 ஆர்க் நிமிடம் (ஒரு பாகையில் 60 ஆர்க் நிமிடம், அதில் ஒவ்வொன்றும் 60 ஆர்க் நொடி) தூக்கிக் காட்டும். ஆசிரியர் அந்த மரத்தோடு சண்டை போடவில்லை. ஈகோஸ் மென்பொருளில் மவுண்ட்டைத் திருப்பித் திருப்பி மூன்று படம் எடுத்து, அந்தப் படங்களில் உள்ள நட்சத்திரங்களை வைத்து அச்சு எங்கே பார்க்கிறது என்று கணக்கிடும் வசதி இருக்கிறது. துருவ நட்சத்திரம் கண்ணில் படவேண்டிய அவசியமே இல்லை. மவுண்ட் நிற்பது நிலையான தூணில் என்பதால் இதை அடிக்கடி செய்யவும் வேண்டாம்.

தூண் கான்கிரீட். முக்காலியில் வைத்தபோது இன்னொரு தொல்லை இருந்தது. அட்சரேகை குறைவானால் மவுண்ட்டின் அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடும், எதிர்எடைத் தண்டு சுழலும்போது முக்காலியின் காலில் இடிக்கப் பார்க்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட கையேடுகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. ஆள் பக்கத்தில் இருந்தால் கையால் தடுக்கலாம். ஆள் இல்லாத கொட்டாயில் மோட்டார் முட்டிக்கொண்டே இருக்கும். மேலே ஒடுக்கமாக வார்த்த தூண் அந்தக் கவலையைத் தீர்த்தது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை கிழக்கில் வாணியம்பாடியும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும், வடமேற்கில் குப்பமும் வானத்தை வெளுக்கின்றன. தெற்கு பரவாயில்லை. பக்கத்து நிலத்துக்காரர் பன்றிக்காகப் போட்டிருந்த எல்இடி ஃபோகஸ் லைட்தான் எல்லாவற்றையும் விட மோசம். ஆசிரியர் அவரிடம் தெலுங்கில் பேசி, விளக்குக்கு மேலே ஒரு தகர மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்ப வைத்தார். எந்த ஃபில்டரும் அந்தத் தகரம் செய்த வேலையைச் செய்திருக்காது.

கருவிகள்

தொலைநோக்கியின் குவியத்தொலைவு 480 மில்லிமீட்டர். மவுண்ட் ஸ்கை-வாட்சர் ஹெச்இக்யூ5. கேமராவில் சோனியின் ஐஎம்எக்ஸ்533 சென்சார், 3008-க்கு 3008 பிக்சல், பிக்சல் அளவு 3.76 மைக்ரான். இந்தச் சேர்க்கையில் ஒரு பிக்சல் 1.6 ஆர்க் நொடி, படத்தின் அகலம் 1.35 பாகை. ஒரு படக் கோப்பு 18 எம்பி. இந்த 18 எம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும். இவை தவிர, ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்ட்டின் சிறு பிசகுகளை உடனுக்குடன் திருத்தும் கைடிங்குக்கு ஒரு சின்ன லென்ஸும் தனிக் கேமராவும், மோட்டார் வைத்த ஃபோகஸரும், பனி படியாமல் இருக்க முன்பக்க லென்ஸைச் சுற்றி ஒரு ஹீட்டர் பட்டையும் உண்டு.

கணினியாக ஒரு 8 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 கையில் சும்மா கிடந்தது. அதனால் தேர்வு என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் ஏஎஸ்ஐஏர் மாதிரியான மூடிய பெட்டியை வாங்கலாம். போன் செயலியிலேயே எல்லாம் நடக்கும், ஆனால் அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் வானியல் கேமராக்களோடு கட்டுப்பட்டுவிடுவோம். விண்டோஸ் மினி பிசி வாங்கி நினா என்ற இலவச மென்பொருளைப் போடலாம். இன்டெல்லின் என்100 சிப் 2023-ல் வந்த பிறகு இந்த வழி மலிவாகிவிட்டது, அந்த சிப்பின் மின்செலவு அளவீடே 6 வாட்தான். இன்றைக்கு யாராவது கேட்டால் 12 வோல்ட்டை நேரடியாக வாங்கிக்கொள்ளும் என்100 பெட்டியைத்தான் சொல்வேன். பை-யில் நாங்கள் பட்ட பாட்டில் பாதி, அது 5 வோல்ட் கேட்பதால் வந்தது.

பை-யில் லினக்ஸும், அதன்மேல் வான வரைபடமான கேஸ்டார்ஸ், அதற்குள்ளிருந்து படப்பிடிப்பை நடத்தும் ஈகோஸ், கருவிகளோடு பேசும் இண்டி என்ற கூட்டணியும் ஓடுகின்றன. மூன்றும் இலவசம். இண்டியின் அமைப்பு எளிமையானது. மவுண்ட், கேமரா, ஃபோகஸர் என்று ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிரைவர். எல்லா டிரைவர்களையும் ஒரு சர்வர் சேர்த்து 7624 என்ற போர்ட்டில் நெட்வொர்க்குக்குக் கொடுக்கும். அதை வாங்கி இயக்கும் மென்பொருள் அதே கணினியிலும் இருக்கலாம், வேறு ஊரிலும் இருக்கலாம்.

முதல் அமைப்பு ஏன் நிற்கவில்லை

வேறு ஊரிலும் இருக்கலாம் என்பதை ஆசிரியர் அப்படியே எடுத்துக்கொண்டார். தோப்பில் பை-யில் இண்டி சர்வர் மட்டும், வீட்டு லேப்டாப்பில் கேஸ்டார்ஸும் ஈகோஸும். வீட்டில் வசதியான பெரிய திரை, பழகிய கீபோர்டு. ஒரே வீட்டுக்குள், மாடியில் தொலைநோக்கியும் கீழே லேப்டாப்பும் என்றால் இது நல்ல ஏற்பாடுதான்.

4ஜி சிம்மில் கணக்கு வேறு. தோப்பிலிருந்து மேலே போகும் வேகம் நல்ல நேரத்தில் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 18 எம்பி படம் ஒன்று வீடு வந்து சேர 72 நொடி. 3 நிமிட எக்ஸ்போஷருக்கு அது தாங்கும். ஆனால் ஃபோகஸ் செய்ய வரிசையாக ஏழெட்டுப் படம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பதற்குள் வெப்பநிலையே மாறிவிடும். கைடிங் அதைவிட மோசம். கைடு கேமராவின் ஒரு பிரேம் 1.2 எம்பி, 2 நொடிக்கு ஒன்று என்றால் தொடர்ந்து நொடிக்கு 5 மெகாபிட் மேலே போகவேண்டும். அது நடக்காத காரியம். போதாக்குறைக்கு எல்லையோரத்தில் ரூட்டர் ஒரு நேரம் தமிழ்நாட்டுப் பக்க டவரையும் மறு நேரம் ஆந்திரப் பக்க டவரையும் பிடிக்கும். மாறும் ஒவ்வொரு முறையும் இணைப்பு சில நொடி அறும். லேப்டாப்பில் ஈகோஸ் அந்த நொடியில் கருவிகளை இழந்துவிடும், அன்றைய வரிசை அத்தோடு நின்றது. மவுண்ட் மட்டும் கேட்பாரின்றி வானத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும்.

பலரும் இந்த இடத்தில் நல்ல இணைப்பைத் தேடிப் போவார்கள். ஆசிரியரும் சிம் மாற்றுவது, பூஸ்டர் வாங்குவது என்றுதான் முதலில் யோசித்தார். என் கருத்தில் அது தவறான கேள்விக்குப் பதில். தொலைவிலிருந்து இயக்கும் கணினி எவ்வளவு நன்றாக இணைந்திருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். இணைப்பு அறுந்தபின் அது என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். லடாக்கின் ஹான்லேயில் 4500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியை பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயிலிருந்து இயக்குகிறார்கள். அதற்கென்று தனிச் செயற்கைக்கோள் இணைப்பு உண்டு. மாசாமாசம் ரீசார்ஜ் செய்யும் சிம்மை நம்பி அதே மாதிரி அமைப்பைக் கட்டக்கூடாது.

ஆகவே மூளை முழுவதும் தோப்புக்குப் போனது. கேஸ்டார்ஸ், ஈகோஸ், கைடிங், எல்லாம் பை-யிலேயே ஓடும். படம் பை-யோடு இணைந்த எஸ்எஸ்டியிலேயே இறங்கும். எந்தப் பொருள், எத்தனை படம், எந்த உயரத்துக்குக் கீழே போனால் நிறுத்துவது, விடியும்போது கேமராவை மெதுவாகச் சூடேற்றி மவுண்ட்டைப் படுக்கவைப்பது என்ற உத்தரவுகள் ஈகோஸின் ஷெட்யூலரில் மாலையிலேயே ஏறிவிடும். வீட்டு லேப்டாப் அந்தத் திரையை எட்டிப் பார்க்கும் ஜன்னல் மட்டுமே. ஜன்னல் சாத்திக்கொண்டால் உள்ளே வேலை நிற்பதில்லை.

படத்தில் உள்ள நட்சத்திர அமைப்பை வைத்துத் தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும் பிளேட் சால்விங்கும் இதே விதிக்குள் வரவேண்டும். அதற்கான நட்சத்திரக் குறியீட்டுக் கோப்புகளை முன்கூட்டியே பை-யில் இறக்கி வைத்துவிட்டால் இணையமே தேவையில்லை. படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து முழு அகலம் வரையிலான அளவுக்குரிய கோப்புகள் போதும். எல்லாவற்றையும் இறக்கி இடத்தை அடைக்க வேண்டாம்.

ஜன்னலைத் திறப்பதிலும் சில நுணுக்கங்கள் இருந்தன. மொபைல் இணைப்பில் நமக்கென்று பொது ஐபி முகவரி பெரும்பாலும் கிடைக்காது, ஒரே முகவரியை ஏராளமானோர் பகிர்வார்கள். ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு வெளியிலிருந்து நுழையும் பழைய வழி இங்கே பலிக்காது. பலித்தாலும் ரிமோட் திரையை நேரடியாக இணையத்தில் திறந்துவைப்பது அபாயம். டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்தது. வயர்கார்டு என்ற பாதுகாப்பான இணைப்பு முறையின் அடிப்படையில் இயங்கும் அது, இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே இணைந்து சந்திக்க வைக்கிறது. பை-யின் இயங்குதளம் புக்வோர்ம் பதிப்பில் 2023-ல் வேலேண்ட் என்ற புதிய திரை அமைப்புக்கு மாறியதால் ஆசிரியருக்குப் பழகிய விஎன்சி என்ற ரிமோட் திரை மென்பொருள் ஒத்துழைக்கவில்லை. அமைப்புகளில் பழைய எக்ஸ்11-க்குத் திரும்பியதும் சரியானது. மானிட்டர் செருகாத பை திரையே இல்லை என்று நினைத்துக்கொள்ளும் என்பதால் எச்டிஎம்ஐ துளையில் ஒரு டம்மி பிளக். அவ்வளவுதான்.

காணாமல் போன கைடு கேமரா

இணைப்புச் சிக்கல் தீர்ந்த பிறகுதான் உண்மையான தலைவலி வெளியே வந்தது. நடுராத்திரியில் கைடு கேமரா மறைந்துவிடும். கெட்டுப்போகாது, கணினியின் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். கைடிங் நிற்கும், அடுத்த படங்களில் நட்சத்திரம் எல்லாம் கோடாக இழுபடும். பை-யை அணைத்துப் போட்டால் திரும்ப வந்துவிடும். சில ராத்திரி ஒன்றுமே ஆகாது.

முதலில் யூஎஸ்பி கேபிள் மீது சந்தேகம். மாற்றியும் பயனில்லை. அடுத்தது டிரைவர் பதிப்பு. அதுவும் இல்லை. ஈகோஸ் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தொலைநோக்கி நகரும் சமயத்திலும், பொருள் வடக்கு-தெற்கான நடுவானக் கோட்டைத் தாண்டியபின் மவுண்ட் பக்கம் மாறித் திரும்பும் சமயத்திலும்தான் கேமரா போகிறது. நகரும்போது மவுண்ட் மோட்டார்கள் அதிக மின்சாரம் இழுக்கும். அப்படியானால் ஒயர்.

ஒயரைப் பார்த்தால் பேட்டரியிலிருந்து தூண் வரை 6 மீட்டர், 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர் செம்பு. மின்தடை சுமார் 0.28 ஓம். கேமராவின் குளிரூட்டி முழு வேகத்தில் ஓடி, மவுண்ட்டும் நகர்ந்து 5 ஆம்பியர் போனால் 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 2.5 ஸ்கொயர் போட்டால் அதே இழப்பு 0.4 வோல்ட். எலெக்ட்ரீஷியன் கடையில் சொன்னால் சிரிப்பார்கள், 12 வோல்ட்டுக்கு எதற்கு சார் இவ்வளவு தடிமன் என்று. வோல்ட் குறைய ஆம்பியர் ஏறும், ஒயரைத் தடிக்க வைப்பது ஆம்பியர்தான். ஒயர் மாற்றினோம். தூணில் மின்னழுத்தம் நன்றாக உயர்ந்தது.

கேமரா மறுபடியும் காணாமல் போனது.

ஒயர் பழுது உண்மையானதுதான், ஆனால் அது வேறு பழுது. இந்த முறை ஈகோஸ் பதிவேட்டோடு லினக்ஸின் சொந்தப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து நொடிக்கு நொடி ஒப்பிட்டோம். ராஸ்பெர்ரி பை தனக்கு வரும் அழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தானாகவே எச்சரிக்கை எழுதிவைக்கும். அந்த எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் இருந்தது. ஆனால் மவுண்ட் நகரத் தொடங்கிய நொடியில் இல்லை. நகர்ந்து முடிந்து, படம் எடுத்து, சில நொடி கழித்து. அந்த நேரத்தில் மோட்டார்கள் ஓய்ந்திருக்கும். ஓடுவது பிளேட் சால்விங். பை-யின் நான்கு கோர்களும் ஒரே சமயத்தில் முழு மூச்சில் இறங்கும் ஒரே வேலை அதுதான். கூடவே எஸ்எஸ்டியில் படமும் எழுதப்படுகிறது.

5 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், காரில் போன் சார்ஜ் செய்யும் அடாப்டர் ஒன்றும் அதோடு வந்த மெல்லிய கேபிளும். பை-யின் 40 பின் வரிசையில் 2-ம் பின்னிலும் 6-ம் பின்னிலும் மீட்டரை வைத்துக்கொண்டு சால்விங்கை ஓடவிட்டதும் முள் கண்ணெதிரே சரிந்தது. சும்மா இருக்கும்போது எந்தக் குறையும் காட்டாத அமைப்பு அது. மேலும் பை 4-ன் யூஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்து தரக்கூடியது 1.2 ஆம்பியர்தான். எஸ்எஸ்டி, இரண்டு கேமரா, மவுண்ட் கேபிள், ஃபோகஸர் எல்லாம் அந்த ஒரே கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தன. அழுத்தம் சரியும்போது கைடு கேமரா முதலில் கைவிட்டது.

சரி, வைத்தியம் எளிது. 12-ஐ 5.1 ஆக்கும் 5 ஆம்பியர் மாட்யூல் ஒன்று, ஒரு சாண் நீளத் தடித்த ஒயரோடு. அப்புறம் தனி மின்சாரம் வாங்கும் யூஎஸ்பி ஹப். அதன் பிறகு எச்சரிக்கையும் இல்லை, கேமராவும் போகவில்லை. புதிதாக பை 5 வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கேட்பது 5 வோல்ட், 5 ஆம்பியர். 3 ஆம்பியர் சார்ஜர் போட்டால் யூஎஸ்பிக்கு 600 மில்லி ஆம்பியர் மட்டுமே விட்டுக்கொடுக்கும், கேமராக்களைச் செருகுகிறவர்களுக்கு அது நிச்சயம் போதாது.

இதே சமயத்தில் ரூட்டருக்கும் பை-க்கும் இடையே வைஃபையை எடுத்துவிட்டு ஒரு லேன் கேபிள் போட்டோம். யூஎஸ்பி 3 கேபிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஆவணப்படுத்தியிருக்கிறது. எஸ்எஸ்டியின் யூஎஸ்பி 3 கேபிள் பை-யின் வைஃபை ஆன்டெனாவுக்கு விரற்கடை தூரத்தில் இருந்தது.

நேரம் தெரியாத கணினி

பை 4-ல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. அணைக்கும்போது மணி என்னவோ அதைக் குறித்துவைத்துக்கொண்டு, எழும்போது அங்கிருந்தே தொடரும். இணையம் கிடைத்தால் திருத்திக்கொள்ளும். காலை 6 மணிக்கு அணைத்து மாலை 7 மணிக்குப் போட்ட ஒரு நாளில் டவர் இல்லை. பை-யைப் பொறுத்தவரை இன்னும் விடியற்காலைதான். வானம் மணிக்கு 15 பாகை சுற்றுகிறது, 13 மணி நேரத்துக்கு 195 பாகை. மிருகசீரிடப் பக்கம் போகச் சொன்னால் தொலைநோக்கி தரையைப் பார்க்கக் கிளம்பியது. ஈகோஸில் வைத்திருந்த உயர வரம்புதான் அதைத் தடுத்தது. இப்போது டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகார மாட்யூல் ஒன்று பின்களில் செருகியிருக்கிறது. யூஎஸ்பி ஜிபிஎஸ்ஸும் இதே வேலையைச் செய்யும். மேலே சொன்ன பதிவேட்டு ஒப்பீடும் கடிகாரம் ஒழுங்காக இருந்ததால்தான் முடிந்தது.

மின்சாரம்

கொட்டாய்க்கு விவசாய இணைப்பு இருந்தது. அது பம்புக்கு மட்டும் இலவசமாகக் கொடுக்கப்படும் மின்சாரம், அதில் தொலைநோக்கி ஓட்டுவது முறையில்லை என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டார். 150 வாட் சோலார் பேனலும் 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் இருக்கின்றன. சேமிப்பு 640 வாட்-அவர். செலவைச் சராசரியாகப் பார்த்தால் குளிரூட்டிய கேமரா 20 வாட், மவுண்ட் 8, ஹீட்டர் 8, பை 7, ரூட்டர் 4, ஆக 47 வாட். 8 மணி நேரத்துக்கு 376. பேட்டரியில் மீதி இருக்கும், மறுநாள் வெயிலில் நிரம்பிவிடும். கேமராவை இன்னும் குளிரவைக்க ஆசை வரும். இப்படிப்பட்ட கேமராக்கள் சுற்றுப்புறத்திலிருந்து சுமார் 35 டிகிரி வரை இறங்கும் என்றாலும், 28 டிகிரி இருக்கும் ஏப்ரல் இரவில் அந்த எல்லையைத் தொட்டால் குளிரூட்டி மூச்சு வாங்கும். வருஷம் முழுக்க 0 டிகிரி என்று வைத்துவிட்டால் லென்ஸை மூடி எடுத்து சென்சாரின் இரைச்சலைக் கழிக்க உதவும் டார்க் படங்களையும் ஒரே தடவை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரி திடீரென்று அறுந்தால் எஸ்டி கார்டு பழுதாகலாம். அதனால் இயங்குதளமும் எஸ்எஸ்டிக்கே போய்விட்டது. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் பை தானாக அணையவும் ஒரு சின்ன நிரல் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் இடி கட்டினால் பேனல் ஒயரும் ஆன்டெனா ஒயரும் கையால் கழற்றப்படும். சர்ஜ் பாதுகாப்பு இருக்கிறது, ஆனாலும் கழற்றிப் போட்ட ஒயரைப் போல எதுவும் வராது.

குளவியைப் பற்றி ஒரு வரி. பயன்படுத்தாத யூஎஸ்பி துளைக்குள்ளும் விசிறி இடுக்கிலும் மண்குளவி கூடு கட்டும். பை இப்போது மூடிய அலுமினியப் பெட்டியில் இருக்கிறது, திறந்த துளை எல்லாவற்றுக்கும் ரப்பர் அடைப்பான். ஒயர்கள் எலிக்காக பிவிசி பைப்புக்குள்.

கூரையும் ஆளும்

கூரை இரும்புச் சட்டத்தில் போட்ட வெள்ளையடித்த தகர ஷீட். கேட்டுக்குப் போடும் சக்கரத்தில், ஆங்கிள் தண்டவாளத்தின்மேல் பக்கவாட்டில் உருளும். நாட்றம்பள்ளி வெல்டிங் பட்டறையில் செய்தது. அதைத் திறந்து மூடுவது தோப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பதி. அந்த அம்மாவுக்குக் குப்பம் பக்கம் பிறந்த வீடு, தெலுங்கும் தமிழும் ஒரே வேகத்தில் வரும்.

இங்கே ஆசிரியர் எடுத்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. வழக்கமாகக் கூரை தாழ்வாக இருக்கும், தொலைநோக்கியைப் படுக்கவைத்தால்தான் மூட முடியும். அவர் சுவரை இன்னும் இரண்டு வரி செங்கல் ஏற்றி, தொலைநோக்கி எந்த நிலையில் நின்றாலும் கூரை இடிக்காமல் போகும்படி செய்தார். தெற்கு அடிவானத்தில் கொஞ்சம் மறைந்தது, அதற்காகத் தெற்குச் சுவரில் மட்டும் ஒரு பகுதியைக் கீல் போட்டுத் தாழ இறக்கும்படி வைத்தார். கணினி உறைந்து, இணைப்பும் போய், மவுண்ட் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மழை வந்தாலும் யாரையும் கேட்காமல் மூடலாம். நான் அங்கிருந்த ஒரு மாலையில் அந்த அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான்: “சார், தூத்தல் போடுது. மூடிட்டேன். உள்ள உங்க மிஷினு இன்னும் என்னவோ சுத்திக்கிட்டிருக்குது.” உள்ளே ஈகோஸ் இருட்டை விடாமல் படமெடுத்துக்கொண்டிருந்தது. படங்கள் வீண், கருவி பத்திரம்.

இப்போதைய நிலை

மாலையில் ஆசிரியர் ஷெட்யூலரை ஏற்றுகிறார். முதல் ஃபோகஸையும் முதல் படத்தையும் ஜன்னல் வழியே பார்க்கிறார், பிறகு லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்குகிறார். ஏப்ரலில் ஒமேகா செண்டாரி நள்ளிரவுக்கு நடுவானக் கோட்டைத் தொடும். மவுண்ட் பக்கம் மாறுவதும் சால்விங் நடப்பதும் கைடிங் திரும்பப் பிடிப்பதும் அவர் தூக்கத்தில் நடக்கின்றன. ஒரு இரவில் 100 படம் என்றால் 1.8 ஜிபி. அதை 4ஜியில் இழுப்பதில்லை. சரிபார்ப்பதற்கு ஒரே ஒரு சுருக்கிய ஜேபெக் மட்டும் காலையில் போனுக்கு வரும். அசல் கோப்புகள் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வரும், இந்தப் பாதையில் அதைவிட வேகமான இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை.

டவர் தாவுவதைக் குறைக்க, ஒரு பக்கத்து டவரை மட்டும் நோக்கிய வெளி ஆன்டெனா மாட்டியிருக்கிறார். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அதைப் பற்றி அவர் இப்போது அவ்வளவாகக் கவலைப்படுவதும் இல்லை. பாக்கி இருப்பது கூரை மோட்டார். எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், அவர் அதைக் கடைசியில் வைத்திருக்கிறார். முதலில் ஒரு மழை உணரி வாங்கி, வரும் வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதைக் கொட்டாய்க்கு வெளியே நிறுத்தி, அது சொல்வதையும் அந்த அம்மா சொல்வதையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவரப் போகிறார்கள். இரண்டும் ஒத்துவந்தால் மோட்டார்.